சாணக் குட்டைக்குப் பாய் போட்ட அக்கா

லாரிக்காரர்களுக்கு அவர் தார்ப்பாய் அக்கா. மழைக்காலம் வருகிறதென்றால் அவர் கடை வாசலில் எங்கள் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கிழிந்த பாயைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, ஹீட் கன்னின் சூட்டில் இரண்டு ஓரங்களையும் இளக்கி, மேலே சின்ன உருளையை வைத்து அழுத்தித் தேய்ப்பார். ஆறியதும் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்ப்பார். "நான் ஒட்டின இடம் விட்டுச்சுன்னா என்னைக் கேளு. வேற இடம் கிழிஞ்சா உன் வண்டி ஓட்டற லட்சணத்தைக் கேளு" என்று சொல்லித்தான் பாயைச் சுருட்டித் தருவார்.

கடையைத் தொடங்கியவர் அவர் கணவர். ஒரு மத்தியானம் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதன் பிறகு கடையில் அக்காவும் கொழுந்தனும்தான். அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொழுந்தனுக்கு முன்பல் விழுந்திருந்தது. "அண்ணி, அண்ணி" என்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், மீசை முளைத்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டான். வாய் ஓயாது. வாய் ஓய்ந்தால் விசிலடிப்பான். அவனுக்கு வாய்த்த மனைவி நேர் எதிர். துணிக்கம்பெனியில் வெட்டும் வேலை பார்த்தவள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள். ஆனால் அவள் கத்தரி போனால் அளவுகோல் வைத்தது போல இருக்கும். கொழுந்தனின் சின்னப் பிள்ளையோடு மூவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாட்டுப் பண்ணை உண்டு. கொட்டகைகளைக் கழுவுகிற சாணமும் மூத்திரமும் தண்ணீரும் வாய்க்கால் வழியாக ஓடி, பின்பக்கம் ஒரு குட்டையில் தேங்கும். குட்டை என்றால் சின்னது இல்லை. அதில் என் லாரியை நாலைந்து தடவை முழுக்காட்டலாம். அந்தப் பக்கம் காற்றடித்தால் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க முடியும்.

பண்ணையில் பால் வாங்கும் கம்பெனி, குட்டையை மூடச் சொல்லி ஓர் இன்ஜினியரை அனுப்பியது. ஒல்லியான இளம்பெண். தலையைவிடப் பெரிய ஹெல்மெட் போட்டிருந்ததால் முதல் நாளே அவளுக்கு ஹெல்மெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய பாயை ஒட்டத் தெரிந்தவர் யார் என்று விசாரித்து அவள் அக்கா கடைக்கு வந்தாள். பண்ணைக்காரரையும் கூட்டி வந்திருந்தாள்.

"மாடு தின்னது வயித்துல புளிக்கும்போது மீத்தேன்னு ஒரு வாயு வருது. சாணம் இப்படிக் காத்து படாம தேங்கிக் கிடந்தாலும் அதே வாயுதான். கண்ணுக்குத் தெரியாது. மேல போய் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். வண்டிப் புகையைவிடப் பல மடங்கு மோசம். மழை தப்பிப் பெய்யுது, வெயில் கொளுத்துதுன்னு சொல்றோமே, அதுல இதுக்கும் பங்கு இருக்கு" என்றாள்.

"பெரும்பாலும் மாட்டு ஏப்பத்துலதான் வருதுன்னு டிவில சொன்னானே. என் மாட்டுக்கெல்லாம் வாய்ப்பூட்டு போடணுமா?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"ஏப்பத்தைக் குறைக்கத் தீவனத்துல என்னென்னவோ கலந்து பாக்கிறாங்க சார். அது அவங்க பாடு. குட்டைக்கு வாய் ஒண்ணுதான். அதை நாம இன்னைக்கே மூடலாம்."

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூடி வச்சா வாயு எங்க போகும்?"

"குழாய் வழியா பாய்லருக்கு. எரிஞ்சிடும். பால் பாத்திரம் கழுவ பண்ணைக்குச் சுடுதண்ணி."

கோடை முழுக்க அந்த வேலை நடந்தது. கெட்டியான கறுப்புப் பாய்ச் சுருள்களைக் கரையில் உருட்டி விரித்து, ஓரத்தின் மேல் ஓரம் ஏற்றி ஒட்டி, அது மிதப்பதற்கு அடியில் நீளநீளமான மிதவைகளைக் கட்டி, குட்டையின் மேல் மெல்ல இழுத்துவிட்டார்கள். நான்கு கரைகளிலும் பள்ளம் வெட்டி ஓரங்களை மண்ணில் புதைத்தார்கள். சில நாட்களில் பாய், தூங்குகிறவன் வயிறு போல மெல்ல உப்பி எழுந்தது. பாய்லரில் முதல் நீலச் சுடர் எரிந்தபோது அக்கா சுடுதண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு சிரித்தார்.

அதற்கு முன்பே ஹெல்மெட் அவர்களைக் கரையில் நிற்க வைத்துப் பாடம் எடுத்திருந்தாள். "இதுல எரியற வாயு மட்டும் இல்ல. கூடவே ஒரு விஷவாயுவும் இருக்கு. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். நாத்தம் அடிச்சா பயப்படுங்க. அடிச்ச நாத்தம் திடீர்னு நின்னுட்டா ஓடுங்க. நாத்தம் போகல, உங்க மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர் விழுந்துட்டா இன்னொருத்தர் காப்பாத்தறேன்னு உள்ள போகக் கூடாது. புருஷனோ பொண்டாட்டியோ பிள்ளையோ, யாரா இருந்தாலும். இந்த மாதிரிக் குட்டையில ஒருத்தர் மட்டும் செத்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒருத்தர் பின்னால ஒருத்தரா குடும்பமே போயிருக்கு."

"அண்ணி விழுந்தா நான் சத்தியமா போக மாட்டேன் மேடம். நிம்மதியா கடையைப் பாத்துக்குவேன்" என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. நாள் கணக்கில் பெய்த மழை ஒரு காலையில் ஓய்ந்ததும் மூவரும் பாயைப் பார்த்துவிட்டு வரப் பண்ணைக்குப் போனார்கள். பாயின் மேல் அங்கங்கே தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. கொழுந்தன் சட்டையில் ஹெல்மெட் கொடுத்திருந்த வாயு அலாரத்தை மாட்டிக்கொண்டான். அக்கா கயிற்றை எடுத்தார்.

"இந்த மூலைதானே அண்ணி, எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"கயிறு கட்டாம கால் வைக்காத."

"கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போடறீங்க" என்று முணுமுணுத்தபடி அவன் இடுப்பிலும் தோளிலும் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். மறுமுனையை அக்கா பிடித்தார். அவன் மனைவி, அக்காவின் ஓரகத்தி, வேனிலிருந்து கருவிப் பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் விசிலடித்துக்கொண்டே நடந்தான். தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் நின்றான். விசில் நின்றது.

"அண்ணி, தண்ணிக்குள்ள குமிழ் வருது."

"நின்னு பாக்காத. வந்துடு."

அவன் குனிந்தான். அந்த நொடியே சட்டையிலிருந்த அலாரம் கீச்சிட்டது. பதறிப் பின்வாங்கியவன் காலடியில் பாய் பிளந்தது. வலது கால் தொடைவரை உள்ளே போயிற்று. உட்கார்ந்தாற்போல விழுந்தான். கையை ஊன்றி எழப் பார்த்தான். முகத்துக்கு நேரே கிழிசல் திறந்து கிடந்தது. "அண்..." என்றவன் முடிக்கவில்லை. தலை பின்னால் சாய்ந்தது.

கரைக்கும் அவனுக்கும் நடுவே ஓர் அறை நீளம்தான் இருக்கும். கூப்பிடு தூரம்கூட இல்லை.

ஓரகத்தி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்கா கயிற்றை வலக்கையில் சுற்றிக்கொண்டு, இடக்கையால் அவள் இடுப்பைச் சுற்றி வளைத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"விடுங்கக்கா! விடுங்க! அவர் அங்க கிடக்கார்!"

"போகக் கூடாது."

"கையெட்டற தூரம்க்கா!"

"போனா நீயும் கிடப்ப. போகக் கூடாது."

அவள் அக்காவின் கையைக் கடித்தாள். அக்கா விடவில்லை. சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து பண்ணைக்காரரும் பால் கறக்கிறவரும் ஓடி வந்தார்கள். பால் கறக்கிறவர் வந்த வேகத்தில் பாயின் மேல் ஒரு காலை வைத்துவிட்டார்.

"காலை எடு!" அக்கா போட்ட சத்தத்தில் அந்த ஆள் அப்படியே உறைந்தார். "யாரும் ஏறக் கூடாது. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. பாய்லரை அணைங்க. இங்க வந்து கயிறைப் பிடிங்க."

பண்ணைக்காரர் ஃபோனில் பேசிக்கொண்டே பாய்லரை அணைக்கப் போனார். பால் கறக்கிறவர் கயிற்றைப் பிடித்தார். இழுத்தார்கள். கயிறு விறைத்தது, அவன் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது, நகரவில்லை. உள்ளே போன கால், பாய்க்கும் அடியிலிருந்த மிதவைக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. கரைப் பக்கம் இழுக்க இழுக்க, பாதம் மிதவையில் மாட்டி இன்னும் இறுகியது. அலாரம் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது.

அழுகின முட்டை நாற்றம் கரைக்கு வந்தது. காற்று அவர்கள் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாயை அக்கா முழங்காலால் அளந்தவர். எந்த மிதவை எந்தத் திசையில் கிடக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். கால் எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கமாகத்தான் வரும். அவன் கிடந்தது மூலை. கரை அங்கே வளைந்து திரும்புகிறது. வளைவைத் தாண்டிப் பக்கவாட்டுக் கரைக்குப் போனால் கயிற்றின் திசையும் மாறும், காற்றும் முதுகுப் பக்கம் வரும்.

"எந்திரி" என்றார் ஓரகத்தியிடம். "அவன் வேணும்னா எந்திரிச்சுக் கயிறைப் பிடி."

அவள் எழுந்தாள். தொய்வு விடாமல் கயிற்றைப் பிடித்தபடி மூவரும் கரையோரமாக ஓடினார்கள். திரும்பி வந்த பண்ணைக்காரரும் சேர்ந்துகொண்டார். வளைவைத் தாண்டியதும் நாற்றம் சட்டென்று நின்றது. அக்காவுக்கு ஹெல்மெட் சொன்னது ஞாபகம் வந்தது. மூக்கு செத்துவிட்டதா, காற்று மாறிவிட்டதா? ஆழ்ந்து மூச்சை இழுத்தார். ஈர மண் வாசனை வந்தது. மூக்கு உயிரோடுதான் இருந்தது.

"இழுங்க. நிறுத்தாம இழுங்க."

ஏதோ நறுக்கென்றது. ஓரகத்தி அலறினாள். "கால்! கால் உடையுதுக்கா!"

"உடையட்டும். இழு!"

கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. செருப்பில்லாத, சாணம் பூசிய, தப்பான பக்கம் திரும்பிய கால். பாயின் மேல் வழுக்கிக்கொண்டு அவன் கரைக்கு வந்து சேர்ந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. காற்றுக்கு எதிராக இன்னும் தள்ளி இழுத்துப் போனார்கள். பால் கறக்கிறவர் அவன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினார். கன்று மூச்சில்லாமல் பிறந்தால் தேய்த்து உசுப்புகிறவர். ஆளுக்குச் செய்து பழக்கமில்லை. எப்படி அழுத்துவது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஃபோனில் சொல்லச் சொல்ல, பண்ணைக்காரர் கத்திச் சொன்னார். ஓரகத்தி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தாள்.

ஆம்புலன்சின் சத்தம் சாலைமுனையில் கேட்டபோது அவன் இருமினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் ஓரகத்தியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் உடம்பிலும் சேறு காய்ந்திருந்தது. அக்காவின் முன்கையில் பல் பதிந்த தடத்தை நர்ஸ் மருந்து போட்டுக் கட்டினாள். "எது கடிச்சது?" என்று கேட்டாள். ஓரகத்தி முந்தானையை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

பண்ணைக்காரர் வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "நேத்து நான்தான் பாய் மேல தண்ணி எடுக்கிற பம்பை இழுத்தேன். தூக்க ஆள் வரல. அதோட இரும்புக் கால் பாயில உரசிக்கிட்டே போச்சு. அந்த இடம்தான் கிழிஞ்சிருக்கு. உங்க ஒட்டு ஒண்ணும் விடல." யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே வந்து சொன்னார். பிறகு, "வீட்டுல எல்லாரும் அந்தப் பாயைப் பிச்சு எறியச் சொல்றாங்க. முன்னாடி நாத்தம்தான் இருந்தது, இப்படி ஆளைக் காவு கேக்கலன்னு. எறிஞ்சிடறேம்மா" என்றார்.

அக்கா மூடிய கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மூக்கில் குழாயோடு கிடந்தான். பிழைப்பான், ஆனால் நுரையீரல் எப்படி என்று நாளைதான் சொல்ல முடியும் என்றிருந்தார்கள்.

"எறியாதீங்க. நாளைக்கு வரேன். அடைச்சுத் தரேன்."

ஓரகத்தி தலையைத் திருப்பினாள். கரையில் அலறியதற்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "அவர் உள்ள கிடக்கார். நீங்க குட்டையை மூடப் போறீங்களா?"

"ஒரு கிழிசல் வழியா வந்ததுக்கே இப்படி ஆச்சு. பாய் இல்லாதப்ப அந்தக் குட்டை முழுக்க ஒரே கிழிசல்தான். கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நாம பாட்டுக்கு மேல விட்டுக்கிட்டே இருந்தோம். அதை மறுபடி திறந்து விடச் சொல்றியா?"

"எனக்கு வானமும் வேணாம் மழையும் வேணாம். எனக்கு அவர் வேணும்."

அக்கா மறுநாள் போனார்.

ஹெல்மெட் தீயணைப்புக்காரர்களைக் கூட்டி வந்திருந்தாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை. உள்ளே இருந்த வாயுவை முடிந்த மட்டும் இறங்கவிட்டிருந்தார்கள். உப்பியிருந்த பாய் குட்டையின் மேல் தட்டையாகப் படிந்து, செத்த மிருகத்தின் தோல் போலக் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, முகமூடி போட்டு எப்படி மூச்சு விடுவது என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹீட் கன்னை யாரும் வேனைவிட்டு இறக்கவே இல்லை. வாயு கசிகிற இடத்தில் சூடு காட்டினால் குட்டையோடு எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

பலகைகளை விரித்து, வயிற்றால் ஊர்ந்து அக்கா போனார். முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கிழிசலுக்குப் பக்கத்தில் கொழுந்தனின் செருப்பு கிடந்தது. அதைத் தள்ளி வைத்தார். கிழிசலின் உள்ளே ஒரு தகட்டை நுழைத்து, மேலே ரப்பரும் இன்னொரு தகடும் வைத்து, பொறி பறக்காத பித்தளைச் சாவியால் மரைகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க வழியில்லை. வேலை முடியப் போகும் நேரத்தில் சிலிண்டர் மணி அடித்தது. காற்று தீருகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரே ஒரு மரை பாக்கி. கை அந்த மரையின் மேலேயே இருந்தது.

கரையில் ஹெல்மெட் இரண்டு கைகளையும் ஆட்டினாள். வா, வா.

அக்கா மரையை விட்டுவிட்டுத் திரும்பி ஊர்ந்தார். வேறு சிலிண்டர் மாட்டிக்கொண்டு மறுபடி போய் முறுக்கினார். "அந்த ஒரு மரையை முறுக்கிட்டே வரலாம்னு கை அரிச்சது. ஆனா நேத்து அவளைப் பிடிச்சு வச்சவ, இன்னைக்கு நானே அப்படிச் செய்யலாமா?" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பாய் மீண்டும் உப்பியது. பாய்லர் எரிந்தது. அதன் பிறகு பம்பை இழுக்க மரக்கட்டைச் சக்கரம் வைத்த வண்டி செய்தார்கள்.

கொழுந்தன் ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் இருந்தான். முழங்கால் மடங்குவது நின்றுபோயிற்று. நடக்கும்போது காலைச் சுற்றிப் போடுகிறான். மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. மூக்கு வாசனையை மறந்துவிட்டது. "சாணக் குட்டைக்காரனுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?" என்பான். ஆனால் டீக்கு மணம் இல்லை, பிள்ளையின் தலைக்கு மணம் இல்லை என்று ஒரு நாள் என் லாரியில் வரும்போது சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்போது ஹெல்மெட்டோடு பண்ணை பண்ணையாகப் போய், குட்டையை மூடுகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறான். விழுந்தவனே சொன்னால் கேட்கிறார்கள்.

வீட்டில் ஓரகத்தி, அக்காவோடு பேசவில்லை. சண்டையும் இல்லை. அதே அடுப்பு, அதே சமையல். டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மழைக்காலம் முடிந்து, பனி முடிந்து, வெயில் ஏறுகிற வரை அப்படித்தான்.

அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த குட்டைக்கு வேலை ஒத்துக்கொண்ட அன்று, வெட்ட ஆள் வேண்டுமே என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். வேனில் ஏறிப் பார்த்தால் ஓரகத்தி கத்தரியோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

புதுக் குட்டையின் கரையில் பாய்ச் சுருளை இறக்கிவிட்டு இருவரும் மூச்சு வாங்க நின்றபோது, அவள் குட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க என்னைப் பிடிச்சு வச்சது சரிதான்க்கா. விட்டிருந்தா பிள்ளைக்கு ரெண்டு பேருமே இருந்திருக்க மாட்டோம். எனக்குத் தெரியுது. ஆனா தெரியறது வேற, ஆறறது வேற."

"ஆமா" என்றார் அக்கா.

"ஆறும்போது சொல்றேன்."

"சரிம்மா."

பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருளை உருட்டத் தொடங்கினார்கள். காற்று எழுவதற்குள் முதல் ஒட்டை முடித்தாக வேண்டியிருந்தது.